பல் பதித்து ஏறும் பழைய எஞ்சின்

திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடிக்குப் பேருந்தில் செல்லும் நம்மவர், வழியிலுள்ள 22 கொண்டை ஊசி வளைவுகளை எண்ணிக்கொண்டே போவதுண்டு. மலையை நேரே ஏற இயலாத வண்டி, வளைந்து வளைந்து ஏறுகிறது. புகைவண்டிக்கோ அது மட்டும் போதாது. வழவழப்பான தண்டவாளத்தில் இரும்புச் சக்கரம் ஓரளவு ஏற்றத்துக்கு மேல் வழுக்கிவிடும். இந்த இடர்ப்பாட்டை வென்ற பழைய எந்திரத்தை நம் தாயகத்து நீலகிரியில் இன்றும் காணலாம்.

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899இலும், அங்கிருந்து உதகை வரை 1908இலும் இருப்புப்பாதை அமைந்தது. மொத்தத் தொலைவு 46 கிலோமீட்டர். கல்லாறு தாண்டியதும், 12 அடி சென்றால் ஓரடி உயரும் கடும் ஏற்றம் வருகிறது. அங்கே தண்டவாளங்களின் நடுவே பற்கள் வெட்டிய இரும்புப் பட்டைகள் இரண்டு இணையாக ஓடுகின்றன. ஒன்றில் பல் உள்ள இடத்தில் மற்றதில் இடைவெளி. ஆதலால் எஞ்சினின் பற்சக்கரத்துக்குப் பிடி ஒருகணமும் தவறுவதில்லை. சுவிட்சர்லாந்தின் ரோமன் ஆப்ட் என்னும் பொறியாளர் வகுத்த முறை இது.

எஞ்சின்களும் அந்நாட்டு விண்டர்தூர் நகரிலிருந்தே, 1914 முதல் 1952 வரை தவணை தவணையாக வந்தன. ஒவ்வொன்றிலும் நான்கு நீராவி உருளைகள் உண்டு. சமதளத்தில் இரண்டு மட்டும் இயங்கும். ஏற்றத்திலோ, அவற்றில் உழைத்து வெளிவரும் நீராவியே மற்ற இரண்டிலும் புகுந்து பற்சக்கரத்தைச் சுழற்றும். ஒரே நீராவி இருமுறை வேலை செய்கிறது! எஞ்சின் பின்னால் நின்று பெட்டிகளை மேலே தள்ளிச் செல்கிறது.

குன்னூருக்கு மேல் இன்று டீசல் எஞ்சின் பணிபுரிகிறது. ஆனால் பற்பாதையில் அந்தப் பழைய எஞ்சின் வகையே நீடிக்கிறது. நூறாண்டுக்கு முந்திய அமைப்புக்குக் கடைத்தெருவில் உதிரிப் பாகம் கிடைக்குமா? நாகப்பட்டினத்திலிருந்து 1928இல் திருச்சி பொன்மலைக்குக் குடிபெயர்ந்த ரயில்வே பட்டறைதான் கைகொடுத்தது. பழுது பார்ப்பதோடு நில்லாமல், அதே அமைப்பில் எண்ணெயால் இயங்கும் புதிய எஞ்சினை 2011இலும், நிலக்கரியால் இயங்குவதை 2021இலும் அங்குள்ள தொழிலாளர் உருவாக்கினர்.

இம்மலைப்பாதை 2005இல் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. பட்டம் பெருமை தரும், எஞ்சினை ஓட்டாது. இரும்பு தேயும், அதைத் திரும்பச் செய்யும் கைத்திறன் ஒருவரிடமிருந்து ஒருவருக்குச் சென்றால்தான் எந்திரம் வாழும். விடுமுறைக்கு ஊர் வரும்போது நம் பிள்ளைகளை அவ்வண்டியில் ஏற்றி, நீலகிரியின் அழகோடு பொன்மலையின் உழைப்பையும் எடுத்துச் சொல்வோமாக.