கல்வராயன் மழையும் பள்ளிப் பாடமும்

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஓர் அங்கமான கல்வராயன் மலை, வடக்கே சவ்வாது மலைக்கும் தெற்கே பச்சைமலைக்கும் நடுவே அமைந்துள்ளது. வடபகுதியான சின்னக் கல்வராயன் ஏறத்தாழ 2,700 அடி உயரமும், தென்பகுதியான பெரிய கல்வராயன் ஏறத்தாழ 4,000 அடி உயரமும் கொண்டவை. கடலில் இருந்து வரும் ஈரக்காற்று இந்தச் சரிவுகளில் மோதி, மேலேறிக் குளிர்ந்து, மழையாக இறங்குகிறது. அந்த நீரில் பிறக்கும் கோமுகியும் மணிமுக்தாவும் சமவெளியில் ஒன்று சேர்ந்து, வெள்ளாற்றில் கலந்து, பரங்கிப்பேட்டை அருகே கடலை அடைகின்றன. நீர்ச்சுழற்சியைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்க இந்த மலையடிவாரத்தில் உள்ள கள்ளக்குறிச்சி வட்டாரத்தைவிடத் தெளிவான களம் கிடைப்பது அரிது. ஆனால் அந்தப் பாடம் ஊரைவிட்டுப் புத்தகத்துக்குள் போய், மீண்டும் ஊருக்குத் திரும்ப நெடுங்காலம் ஆயிற்று.

நீரின் இந்தச் சுற்றைத் தமிழர் பழங்காலத்திலேயே அறிந்திருந்தனர். காவிரிப்பூம்பட்டினத்தின் ஏற்றுமதி இறக்குமதியைச் சொல்லவந்த பட்டினப்பாலை, மேகம் கடலில் முகந்த நீர் மலையில் பொழிவதையும், அது மீண்டும் கடல் சேர்வதையும் உவமையாக்கியது. திருக்குறளின் வான்சிறப்பு அதிகாரம், மழை இல்லாவிட்டால் கடலும் தன் வளம் குன்றும் என்கிறது. திண்ணைப் பள்ளிகளில் நீதிநூல்களோடு எண்சுவடியும் இடம்பெற்றது. நிலத்தின் பரப்பைக் கணக்கிடும் குழிமாத்து வாய்பாடு அதில் ஒரு பகுதி. கழனியும் ஏரியும் அந்தக் கணக்குக்கு அடித்தளமாக இருந்தன.

மீதியைக் கற்றுத் தந்தது ஏரிதான். வரத்து வாய்க்காலில் தூர் சேர்ந்தால் ஏரி நிறையாது. கலங்கல் உடைந்தால் நிறைந்த நீரும் நிற்காது. மதகை முறை வைத்துத் திறக்காவிட்டால் கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேராது. கி.பி. 919, 921 ஆண்டுகளைச் சேர்ந்த உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் ஏரி வாரியம் என்ற குழுவைப் பேசுகின்றன. ஊர்கூடிச் செய்த குடிமராமத்தைப் பார்த்தும், கூடமாட வேலை செய்தும் பிள்ளைகள் நீரின் போக்கைப் புரிந்துகொண்டார்கள்.

ஆங்கிலேயர் ஆட்சியில் இந்த அறிவும் கல்வியும் தனித்தனி வழியில் சென்றன. ஏரிப் பராமரிப்பு அரசுத் துறையின் பொறுப்பானது. மழையளவு அலுவலகப் பதிவேட்டுக்குப் போனது. நீர்ச்சுழற்சி புவியியல் பாடத்தில் ஒரு படமாகச் சுருங்கியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் காடும் மழையும் பற்றிய விவாதமும் எழுந்தது. காடழிப்பு வறட்சியைப் பெருக்கும் என்று சென்னை மாகாணத்தில் மருத்துவப் பணியில் இருந்த எட்வர்டு பால்ஃபர் 1849இல் எழுதினார். 1876–78 பஞ்சம் மாகாணத்தைச் சூறையாடியது. 1882இல் சென்னை வனச்சட்டம் வந்தது. அந்தச் சட்டம் காட்டைக் காத்ததோடு, காட்டை நம்பி வாழ்ந்தவர்களின் உரிமைகளையும் குறுக்கியது.

கல்வராயன் மலைமேல் நிலைமை வேறாக இருந்தது. அங்கு வாழும் மலையாளிப் பழங்குடியினர் சாமை, தினை, கேழ்வரகு விளைவித்தும், தேன், கடுக்காய், புளி சேகரித்தும் வந்தவர்கள். மழை தொடங்கும் காலத்தையும் சுனை வற்றும் காலத்தையும் அவர்களின் பிள்ளைகள் பெரியவர்களோடு காட்டில் நடந்தே கற்றனர். எழுத்தறிவோ எட்டாத் தொலைவில் இருந்தது. தலைமுறை தலைமுறையாக ஜாகிர்தார்களின் பிடியில் இருந்த மலை, 1976இல்தான் அரசு நிர்வாகத்தின் கீழ் முழுமையாக வந்தது. பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் மலைக்கிராமப் பிள்ளைகளுக்குக் கல்விக்கான வழியைத் திறந்தன.

இதற்கிடையே அடிவாரத்தில் இரண்டு அணைகள் எழுந்தன: கச்சிராயபாளையம் அருகே 46 அடி கோமுகி அணை, சங்கராபுரம் வட்டாரத்தில் 36 அடி மணிமுக்தா அணை. மலையில் பெய்த மழை அணைக்கு வந்து, வாய்க்காலாகி, நெல்லுக்கும் கரும்புக்கும் பாய்வது கண்ணெதிரே தெரியும் காட்சியாயிற்று.

சுற்றுச்சூழல் கல்விக்கு நாடளாவிய திருப்பம் தந்தது வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கு. அதில் உச்ச நீதிமன்றம் 1991இல் சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்கப் பணித்தது. 1993இல் தொடங்கிய தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாடு, சொந்த ஊரிலேயே ஆய்வு செய்யும்படி மாணவர்களைத் தூண்டியது. தமிழ்நாட்டில் இதை முன்னெடுத்தது தமிழ்நாடு அறிவியல் இயக்கம். 2014இல் இம்மாநாட்டின் மையப்பொருள் வானிலையும் காலநிலையும் என்பதாக இருந்தது. 2001இல் தொடங்கிய தேசிய பசுமைப் படை பள்ளிகளில் சூழல் மன்றங்களை உருவாக்கியது. 2003இல் தமிழ்நாடு அரசு கட்டடங்களில் மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது, கூரை நீர் நிலத்தடிக்குப் போகும் வழியைப் பிள்ளைகள் வீட்டிலேயே பார்க்க முடிந்தது.

காலநிலை மாற்றம் இந்தப் பழைய பாடத்தின் புதிய அத்தியாயம். காற்றின் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் உயர்ந்தால், அது ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதல் நீராவியைத் தாங்கும். அதனால் பெய்யும்போது கொட்டித் தீர்க்கிறது. பெய்யாத நாட்களில் மண்ணின் ஈரம் விரைந்து வற்றுகிறது. 2016இல் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை இயல்பில் பாதியைக்கூட எட்டவில்லை. மறு ஆண்டே அரசு குடிமராமத்துத் திட்டத்தைப் புதுப்பித்தது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையால் தென்பெண்ணை ஆறு பெருக்கெடுத்து, மணலூர்ப்பேட்டை, திருக்கோவிலூர் பகுதிகளை வெள்ளம் சூழ்ந்தது. தனியொரு புயலையோ வறட்சியையோ கொண்டு காலநிலை மாற்றத்தை நிறுவிவிட முடியாது. பல பத்தாண்டுப் பதிவுகள் தேவை. வானிலைக்கும் காலநிலைக்கும் உள்ள இந்த வேறுபாடுதான் மாணவர் முதலில் அறியவேண்டியது.

2019 நவம்பர் 26இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியது. 2022 டிசம்பரில் தமிழ்நாடு காலநிலை மாற்ற இயக்கம் தொடங்கப்பட்டது. இந்த மாவட்டத்தின் பள்ளிகளுக்கு மலையும் அணையும் ஏரியும் கைக்கெட்டும் தூரத்தில் உள்ளன. பள்ளி வளாகத்தில் ஒரு மழைமானி, கிணற்று நீர்மட்டத்தின் மாதாந்தரக் குறிப்பு, ஏரியின் வரத்து வாய்க்கால் வரைபடம் ஆகிய மூன்றையும் ஆண்டுதோறும் அடுத்த வகுப்பிடம் ஒப்படைத்து வந்தால், ஊரின் காலநிலை வரலாற்றை மாணவர்களே எழுதிவிடலாம். மழையின் பருவமறிந்த மலைவாசியின் அறிவும், ஏரியின் போக்கறிந்த உழவரின் அறிவும், அறிவியல் அளவீடும் அப்போது ஒரே பாடமாகும்.