நிரலாளர் பட்டப்பெயர்கள்

கணினி நிரல் எழுதுவோருக்குப் பாதி விளையாட்டாகவும் பாதி வினையாகவும் வழங்கும் பெயர்கள் ஏராளம். விஸார்ட், குரு, ஹேக்கர், கோட் மங்கி, நிஞ்சா, ராக்ஸ்டார் என்று பட்டியல் நீளும். இவற்றில் சிலவற்றை நிரலாளர்களே தமக்குள் சூட்டிக்கொண்டார்கள், சிலவற்றை வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் சூட்டினார்கள். இவை வெறும் அலுவலகக் கேலி என்பது பொதுவான எண்ணம். ஆனால் மருத்துவருக்கும் வழக்கறிஞருக்கும் உள்ளதுபோல் உரிமமோ பதிவு மன்றமோ இல்லாத இத்தொழிலில், யார் தேர்ந்தவர், யார் எடுபிடி என்று தரம் பிரிக்கும் வேலையைப் பெரும்பாலும் இந்தக் கேலிப்பெயர்களே செய்துவந்திருக்கின்றன. ஒரு பெயர் மரியாதையா மட்டம் தட்டலா என்பதும் அதன் நேர்ப்பொருளைவிட அதை யார் சூட்டுகிறார் என்பதையே அதிகம் சார்ந்திருக்கிறது.

இத்தொழிலுக்கு முறையான பெயர் அமைவதற்கே வெகுகாலம் பிடித்தது. 1946இல் பொதுமக்கள் முன் இயக்கிக் காட்டப்பட்ட எனியாக் கணினிக்கு நிரல் அமைத்த ஆறு பெண்களும் வேலையில் சேர்ந்தது ‘கம்ப்யூட்டர்’ என்ற பதவிப் பெயரில்தான். கணக்குப் போடும் மனிதரைக் குறித்த அப்பெயர் பின்னர் இயந்திரத்துக்குப் போய்விட்டது. கணினி அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1957இல் திருமணப் பதிவின்போது தம் தொழில் ‘புரோகிராமர்’ என்று சொன்னார். அப்படியொரு தொழிலே கிடையாது என்று ஆம்ஸ்டர்டாம் நகர அதிகாரிகள் மறுத்துவிட, சான்றிதழில் ‘கோட்பாட்டு இயற்பியலாளர்’ என்று பதிவானதாக அவரே 1972இல் டூரிங் விருது உரையில் குறிப்பிட்டிருக்கிறார். ‘மென்பொருள் பொறியியல்’ என்ற கௌரவமான பெயர்கூட, 1968இல் ஜெர்மனியின் கார்மிஷ் நகரில் நேட்டோ நடத்திய மாநாட்டுக்கு, கேட்பவரைச் சற்றே சீண்டிப்பார்க்கும் நோக்கத்துடன் தேர்ந்தெடுக்கப்பட்டதுதான். அந்தச் சீண்டல் இன்றும் ஓயவில்லை. ‘பொறியாளர்’ என்ற பட்டத்தைச் சட்டம் காக்கும் கனடாவில், மென்பொருளாளர்கள் அதைப் போட்டுக்கொள்ளலாமா என்ற வழக்கு நீதிமன்றம் வரை போனது.

இந்த வெற்றிடத்தில்தான் நிரலாளர்களின் சொந்த வரிசை முறை உருவானது. 1975இல் ஸ்டான்ஃபோர்டில் ராஃபேல் ஃபிங்கல் தொடங்கிய ‘ஜார்கன் ஃபைல்’ என்ற சொற்தொகுப்பு இதற்கு நல்ல சான்று. சிக்கலான அமைப்பின் உள்ளும் புறமும் அறிந்து, நெருக்கடியில் பழுதைச் சட்டென்று பிடிப்பவர் விஸார்ட். அந்த அறிவோடு மற்றவர்களுக்குக் கைகொடுப்பவராகவும் இருந்தால் குரு. கேலிக்குள் இவ்வளவு நுணுக்கமான தரப்பிரிவு! ஹேக்கர் என்பதற்கு அத்தொகுப்பு ஒரு நெறியையும் சொல்கிறது: அப்பெயரைத் தானே சூடிக்கொள்வதைவிடப் பிறர் சொல்லக் கேட்பதே மேல். பெர்ல் என்ற நிரல்மொழியில், மூல நிரலில் மாற்றம் செய்யும் அதிகாரம் ஒரு பூசணிக்காயாகப் பாவிக்கப்பட்டது. அதை வைத்திருப்பவர் ‘பம்ப்கிங்’. பைத்தான் மொழியை உருவாக்கிய கைடோ வான் ரோசமுக்கு 1995இல் ‘ஆயுட்கால நல்லெண்ணச் சர்வாதிகாரி’ என்ற பட்டம் வேடிக்கையாகக் கிடைத்தது. வேடிக்கை என்றாலும், மொழியில் எதைச் சேர்ப்பது, எதைத் தள்ளுவது என்ற இறுதி முடிவு உண்மையிலேயே அவர் கையில் இருந்தது. ஒரு புதிய தொடரமைப்பைப் பற்றிய கடும் சச்சரவுக்குப் பின் 2018 ஜூலையில் அவர் விலகியபோது, ஐந்து பேர் கொண்ட குழுவைத் தேர்தல் வைத்து அமைக்க வேண்டியதாயிற்று. வெறும் நகைச்சுவைப் பட்டமாக இருந்திருந்தால் தேர்தலுக்குத் தேவை ஏது?

கேலிப்பெயர் எல்லாத் தொழிலிலும்தானே உண்டு என்று கேட்கலாம். உண்டுதான். ஆனால் அங்கெல்லாம் கேலிப்பெயர் சட்டப் பதவிக்கு அருகே நிழல்போல நிற்கிறது; இங்கே அதுவே பதவியாகி முகவரி அட்டையில் ஏறிவிடுகிறது. கூகுளில் பொறியாளராக இருந்த சேட்-மெங் டான், உயர்பதவியைக் குறிக்கும் ‘ஃபெலோ’ என்ற சொல்லை வைத்து விளையாடி, ‘ஜாலி குட் ஃபெலோ’ என்றே தம் பதவிக்குப் பெயரிட்டுக்கொண்டார். அப்படியானால் நிறுவனங்கள் விளம்பரம் செய்யும் நிஞ்சாவும் ராக்ஸ்டாரும் மட்டும் ஏன் கசக்கின்றன என்பது இன்னும் வலுவான கேள்வி. சகநிரலாளர்கள் விஸார்ட் என்று அழைப்பது அவர் செய்துகாட்டிய வேலையைப் பார்த்த பிறகு. நிஞ்சாவோ ஆள் வந்து சேர்வதற்கு முன்பே விளம்பரத்தில் அச்சாகிவிடுகிறது. அதனால் சம்பளமோ முடிவெடுக்கும் உரிமையோ கூடுவதாகவும் இல்லை. கோட் மங்கியின் கதை இதற்கு நேர்மாறு. சொன்னதை யோசிக்காமல் தட்டச்சு செய்பவர் என்ற இழிவுப்பெயரை, பாடகர் ஜோனதன் கோல்ட்டன் 2006இல் பாட்டாக்கினார். நிரலாளர்களும் அதை உரிமையோடு தங்கள் பாட்டாக எடுத்துக்கொண்டார்கள்.

இதே போக்கைத் தமிழிலும் காணலாம். ஊரார் இளக்காரமாகச் சொல்லும் ‘பொட்டி தட்டுற வேலை’யைத் தகவல் தொழில்நுட்பத் துறையினரே தங்களைப் பற்றிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். ‘ஃப்ரெண்ட்ஸ்’ (2001) படத்து வடிவேலு நகைச்சுவையிலிருந்து வந்த ‘ஆணி’ அலுவலக வேலைக்கே குறிச்சொல்லாகி, வேலை நெருக்கினால் ‘இன்னிக்கு ஆணி அதிகம்’ என்பார்கள். ஆனால் ‘சைபர் கூலி’ என்று வெளியிலிருந்து ஒருவர் எழுதினால் அதே ஆட்களுக்குச் சுருக்கென்று தைக்கிறது. வெளிநாட்டு நிறுவனத்தின் வேலையை மலிவாகச் செய்துகொடுப்பவர் என்ற குற்றச்சாட்டு அதில் இருக்கிறதே தவிர, சேர்ந்து சிரிக்க இடமில்லை.