செக்ரோலில் பிறந்த பள்ளிக்கூடம்

இலங்கையின் சப்ரகமுவ மலைகளில் காட்டை வெட்டிக் கோப்பி நட்ட துரைமாருக்கு ஆள் வேண்டியிருந்தது. எழுத்தறிந்த ஆள் வேண்டியிருக்கவில்லை. தமிழ்நாட்டிலிருந்து கங்காணிமார் கூட்டிவந்தவர்களில் பெரும்பாலோர் பழம் பறிக்கும் காலத்துக்கு வந்து, அது முடிந்ததும் ஊர் திரும்பினார்கள். பிள்ளைகுட்டியோடு வந்தவர்கள் குறைவு. பிள்ளையே இல்லாத இடத்தில் பள்ளிக்கூடப் பேச்சு எப்படி எழும்? எழுந்தது. ஆனால் படிப்புக்காக அல்ல.

1854இல் அங்கிலிக்கன் சபையார் 'தமிழ்க் கூலி மிஷன்' என்ற பெயரில் தோட்டங்களில் ஊழியம் தொடங்கினார்கள். திருநெல்வேலியில் பணியாற்றிய செப்டிமஸ் ஹாப்ஸ் பாதிரியார் பொறுப்பேற்றார். துரைமாரும் பணம் கொடுத்தார்கள். உபதேசியார்கள் தோட்டம் தோட்டமாக நடந்து வேதம் சொன்னார்கள். வேதம் வாசிக்க எழுத்து வேண்டுமே என்று அரிச்சுவடியும் கூடவே வந்தது. அது வேர் பிடிக்கும் முன்னே, 1869இல் கோப்பி இலையின் அடிப்பக்கத்தில் மஞ்சள் தூள் படரத் தொடங்கியது.

அந்தப் பூஞ்சை கோப்பியைத் தின்று தீர்த்தது. துரைமார் பலர் கடனில் மூழ்கிக் கப்பலேறினார்கள். ஆனால் பள்ளிக்கூடத்துக்கு வழி வெட்டியதும் அதே பூஞ்சைதான். கோப்பி போன இடத்தில் தேயிலை வந்தது. களனிப் பள்ளத்தாக்கிலும் இரத்தினபுரிச் சரிவுகளிலும் இறப்பர் வந்தது. கொழுந்துக்கும் பால்வெட்டுக்கும் வருஷம் முழுக்க ஆள் வேண்டும். ஆகவே குடும்பங்கள் குடியேறின, வரிசை வீடுகளான லயங்களில் தொட்டில்கள் தொங்கின. வளர்ந்த பிள்ளைகளை என்ன செய்வது என்பதற்குத் தோட்டத்திடம் பதில் தயாராக இருந்தது.

வேலையாட்களின் பதிவேடான செக்ரோலில் பேர் போடுவது, அவ்வளவுதான். விடியலில் ஆட்களைக் கூட்டும் பெரட்டுத் தப்பு அடித்ததும் தகப்பன் பின்னால் பிள்ளையும் போய் நின்றது. அரைச் சம்பளமானாலும் வீட்டுக்குக் காசு. படிப்பு அந்திக்குப் பிறகுதான், அதுவும் யாராவது மனம் வைத்தால். எழுத்துத் தெரிந்த தொழிலாளி ஒருவர், ஊரிலிருந்து வரும் கடிதங்களை லயத்துக்கே வாசித்துக் காட்டுபவர், மண்ணெண்ணெய் விளக்கருகில் நாலு பிள்ளைகளை உட்கார வைத்து மணலில் 'அ' எழுதப் பழக்கினார். இந்த லயத்துப் பள்ளிகள் அரசாங்கப் பதிவேட்டில் இடம்பெறவில்லை. இந்தக் கதை முழுவதிலும் பிள்ளைக்கு எழுத்து வர வேண்டும் என்பதற்காக மட்டுமே நடந்த பள்ளி இது ஒன்றுதான் என்று சொல்லத் தோன்றுகிறது. சட்டம் வந்தபோது அந்த வாத்தியாரை அது கண்டுகொள்ளவில்லை.

1907இன் கிராமப் பாடசாலைச் சட்டம் பொறுப்பைத் தோட்டத் துரையின் தலையில் வைத்தது. 6 முதல் 10 வயதுப் பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் கல்வி, தகுந்த ஆசிரியர், ஓர் அறை. துரைமார் முணுமுணுத்தார்கள்: படித்தவன் மண்வெட்டி பிடிப்பானா? 1910இல் இறப்பர் விலை உச்சத்துக்கு ஏறியது; 1912இல் ரயில் இரத்தினபுரியைத் தொட்டது. பணமும் பாதையும் வந்தன, அறைதான் வரத் தயங்கியது. 1920இல் இன்னொரு கல்விச் சட்டம் பிறந்தது. ஆனால் துரைமாரைத் தள்ளிவிட ஒரு கை தேவைப்பட்டது. அது கடலுக்கு அப்பாலிருந்து நீண்டது.

1922இல் இந்தியா குடியகல்வுச் சட்டத்தை நிறைவேற்றியது. ஆட்கள் தொடர்ந்து வர வேண்டுமானால் அவர்களை நடத்தும் விதம் திருப்தி தர வேண்டும். 1923இல் இந்திய அரசின் ஏஜெண்டு கண்டியில் வந்து உட்கார்ந்தார். ஆண்டுதோறும் அவர் எழுதிய அறிக்கையில் தோட்டப் பள்ளிகளுக்கும் இடமிருந்தது. ஆள்வரத்து நின்றுவிடுமோ என்ற பயத்தில் அறைகள் எழுந்தன. எப்படிப்பட்ட அறைகள்?

தகரக் கூரை, அரைச் சுவர், ஒரே வாத்தியார். ஒரு மூலையில் ஒன்றாம் வகுப்பு அகரம் பாட, மறுமூலையில் நாலாம் வகுப்பு வாய்ப்பாடு ஒப்பிக்க, தகரத்தில் மழை விழுந்தால் இரண்டும் கேட்காது. சப்ரகமுவவில் மழைக்குக் குறைவில்லை. வாத்தியாருக்குச் சம்பளம் தோட்டத்திலிருந்து. ஆகவே ஆபீஸ் கணக்கும் கடிதமும் அவர் தலையில் விழுந்தன. பல இடங்களில் பிள்ளைகள் கொழுந்து எடுத்த கையோடு வந்து சிலேட்டைத் தொட்டார்கள். ஐந்தாம் வகுப்போடு கதவு மூடிக்கொண்டது.

1945இல் இலவசக் கல்வி வந்தது. 1947இன் சட்டத் திருத்தம், தோட்டம் கட்டடமும் நிலமும் கொடுக்க அரசே பள்ளியை நடத்தும் என்றது. அடுத்த ஆண்டே குடியுரிமைச் சட்டம் இந்த மக்களை நாடற்றவர்களாக்கியது. வாக்கில்லாதவனின் பள்ளிக்காக எந்த அரசியல்வாதி அலைவான்? 1960, 61இல் உதவி பெறும் பாடசாலைகளை அரசு கையேற்றபோது தோட்டப் பள்ளிகள் வெளியே நின்றன. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவுசெய்தது. வகுப்பறைகள் காலியாகத் தொடங்கிய வேளையில் நிலமே கைமாறியது.

1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. தோட்டம் அரசினது என்றால் பள்ளி மட்டும் யாருடையது? 1977இல் கையேற்பு தொடங்கியது. அதே ஆண்டு ஆகஸ்டில் இனக்கலவரம் தோட்டங்களுக்குள் புகுந்தது. 1981இல் இரத்தினபுரி, கேகாலைப் பக்கம் மறுபடியும் லயங்கள் எரிந்தன. குடும்பங்கள் வவுனியாப் பக்கம் ஓடின. பள்ளிக்கு அரசு கிடைத்த நேரத்தில் பிள்ளைகள் இல்லாமல் போகப் பார்த்தார்கள்.

ஆனால் மிச்சமிருந்தவர்கள் விடவில்லை. 1980களின் நடுவிலிருந்து சுவீடன் உதவியில் தோட்டப் பள்ளிகளுக்குக் கட்டடங்கள் எழுந்தன. தோட்டத்து இளைஞர்களே ஆசிரியர்களானார்கள். ஐந்தில் மூடிய கதவு எட்டில் திறந்தது, பிறகு பதினொன்றில். யட்டியாந்தோட்டை, தெஹியோவிட்ட, பலாங்கொடைப் பக்கங்களில் காலை பஸ்ஸில் வெள்ளைச் சீருடையில் இடிபட்டுப் போகிற பிள்ளைகளின் தமிழ் மகா வித்தியாலயம் இப்படி வந்ததுதான். உயர்தரத்தில் கலையும் வர்த்தகமும் உண்டு. விஞ்ஞானமும் கணிதமும் தமிழில் படிக்க மாவட்டம் விட்டு மாவட்டம் போகிற பிள்ளைகள் இன்றும் இருக்கிறார்கள்.