யாருடைய தர்க்கம்? சட்டப் படிப்பு நுழைவுத் தேர்வின் மாறும் கேள்விகள்



மதுரை மண்ணில் நம் விடுதலைப் போராட்டம் தெருவில் நடந்ததுபோலவே நீதிமன்றத்திலும் நடந்திருக்கிறது. மேலூர் அருகே மேலவளவில் 1997 ஜூன் 30 அன்று ஊராட்சித் தலைவர் முருகேசன் உள்ளிட்ட ஆறு பேர் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். 2001இல் சேலம் நீதிமன்றம் 17 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. அந்த நீதிக்காக வழக்கறிஞர் பொ. இரத்தினம் போன்றோர் ஆண்டுக்கணக்கில் உழைத்தார்கள். ஆகவே யார் வழக்கறிஞர் ஆகிறார்கள் என்பது நமக்கு உயிர்ப் பிரச்சினை.

சட்டப் படிப்புக்கு இங்கே இரண்டு வாசல்கள் உண்டு. மதுரை அரசு சட்டக் கல்லூரி போன்றவற்றின் ஐந்தாண்டுப் படிப்புக்குப் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் போதும். ஆதிதிராவிடருக்கு 18 விழுக்காடு இடமுண்டு. திருச்சியில் இருப்பது உட்பட்ட தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்கோ 'கிளாட்' என்னும் பொது நுழைவுத் தேர்வு வேண்டும். அது 2008இல் தொடங்கியது. அதற்கு முன் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தனித்தனியே தேர்வு நடத்திவந்தது.

2019 வரை 200 கேள்விகள் கேட்கப்பட்டன. தர்க்கத் திறன் பகுதியில் இரத்த உறவு, எண் தொடர், திசை, சங்கேதக் குறியீடு போன்ற புதிர்கள் நிறைய வந்தன. டி.என்.பி.எஸ்.சி. வழிகாட்டி நூல்களின் 'திறனறிவு' பக்கங்களில் இதே வகைக் கணக்குகள் தமிழில் உண்டு. வாடிப்பட்டிப் பக்கத்துப் பிள்ளை ஒரு பழைய நூலை வைத்துக்கொண்டே பயிற்சி எடுக்க முடிந்தது.

2020இல் வடிவம் மாறியது. கேள்விகள் 150 ஆயின. 2024 தேர்விலிருந்து 120. சுமார் 450 சொற்கள் கொண்ட ஆங்கிலப் பத்தியைப் படித்து, அதன் முடிவு என்ன, மறைந்திருக்கும் அனுமானம் எது, எந்தக் கூற்று வாதத்தைப் பலவீனமாக்கும் என்று சொல்ல வேண்டும். இது வழக்கறிஞர் தொழிலுக்கு நெருக்கமான பயிற்சி என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் தேர்வு ஆங்கிலத்தில் மட்டுமே நடக்கிறது. இரண்டு மணி நேரத்தில் அது அளப்பது தர்க்கத்தையா, ஆங்கில வாசிப்பு வேகத்தையா? "ஊருக்கு ஒரு குழாய், எங்களுக்குத் தனிக் குழாய், ஏன்?" என்று கேட்கும் சேரிப் பிள்ளை எதிராளியின் அனுமானத்தைத்தான் கேள்வி கேட்கிறது. அந்தத் தர்க்கத்துக்கு இங்கே மதிப்பெண் இல்லை. நம் பிள்ளைகள் விண்ணப்பிக்கவே 3,500 ரூபாய் கட்ட வேண்டும்.

கேள்வியின் வடிவம் கல்லில் செதுக்கியதல்ல. அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளுக்கான 'எல்சாட்' தேர்வில் படம் வரைந்து தீர்க்கும் தர்க்கப் புதிர்கள் இருந்தன. பார்வையற்ற ஒருவர் வழக்குத் தொடுத்தார். 2019இல் சமரசம் ஏற்பட்டு, 2024 ஆகஸ்டில் அந்தப் பகுதி நீக்கப்பட்டது. தமிழ்நாடும் கிராமப்புற மாணவர்களின் நிலையைக் கருதியே தொழிற்படிப்புகளுக்கான மாநில நுழைவுத் தேர்வை 2006ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழித்தது. கிளாட் தேர்வை இந்திய மொழிகளிலும் நடத்தக் கோரி 2023இல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் பொதுநல மனு தாக்கலானது.

வெளியே நிறுத்தப்பட்டவர்கள் கேட்டபோதெல்லாம் தேர்வுகள் மாறியிருக்கின்றன. தேர்வைத் தமிழிலும் நடத்து, நம் பிள்ளைகளுக்குக் கட்டணத்தை நீக்கு, மாவட்டந்தோறும் அரசே இலவசப் பயிற்சி கொடு என்று நாமும் கேட்போம். அதுவரை பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணால் திறக்கும் மதுரை வாசலை யாரும் மூடிவிடாமல் காப்பதும் நம் பொறுப்பு.