டெபியன் வெளியீட்டு அட்டவணை

டெபியன் என்பது தன்னார்வலர்கள் உருவாக்கிப் பராமரிக்கும் கட்டற்ற இயங்குதளம். 1993 ஆகஸ்ட் 16 அன்று இயான் மர்டாக் இதை அறிவித்தார். இதில் உள்ள ஒவ்வொரு மென்பொருள் பொதிக்கும் ஒரு பராமரிப்பாளரோ சிறு குழுவோ பொறுப்பு. எவரையும் எந்த வேலையையும் செய்யும்படி கட்டாயப்படுத்த முடியாது என்பது திட்டத்தின் அமைப்புவிதியிலேயே உள்ளது. இதனால், புதிய பதிப்பு வெளியாகும் நாளை முன்கூட்டிக் குறிப்பது தொடக்கம் முதலே சிக்கலாக இருந்துவந்தது.

தொடக்க காலம்

1995 டிசம்பரில் குறுந்தகடு விற்கும் நிறுவனம் ஒன்று, உருவாக்கத்தில் இருந்த பதிப்பை 1.0 என்று எண்ணிட்டு விற்றுவிட்டது. குழப்பத்தைத் தவிர்க்க அந்த எண்ணே கைவிடப்பட்டு, 1996 ஜூனில் 1.1 வெளியானது. 1.2, 1.3 பதிப்புகள் ஏறக்குறைய ஆறு மாத இடைவெளியில் வந்தன. அடிப்படை சி நூலகம் மாற்றப்பட்டதால் 2.0 பதிப்புக்கு ஓராண்டுக்கு மேல் ஆனது. 2000 ஆகஸ்டில் வந்த 2.2 பதிப்புக்கும் 2002 ஜூலையில் வந்த 3.0 பதிப்புக்கும் இடையே ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் கடந்தன.

'டெஸ்டிங்' கிளை

தொடக்கத்தில், புதிய பொதிகள் முதலில் வந்துசேரும் 'அன்ஸ்டேபிள்' கிளை மொத்தமாக உறையவைக்கப்பட்டு (அதாவது புதிய மாற்றங்கள் நிறுத்தப்பட்டு), அதன் பிறகே வழுக்கள் களையப்பட்டன. எல்லாப் பழுதுகளும் கடைசியில் குவிந்ததால் உறைநிலை மாதக்கணக்கில் நீண்டது. இதற்குத் தீர்வாக 2000ஆம் ஆண்டு இறுதியில், அடுத்த பதிப்புக்கான 'டெஸ்டிங்' கிளை உருவானது. அன்ஸ்டேபிளில் சில நாள் இருந்து, கடுமையான புதிய வழு எதுவும் இல்லை என்றால் பொதி டெஸ்டிங்குக்குத் தானாக நகரும்.

சார்ஜ் தாமதம்

எனினும் 3.1 'சார்ஜ்' பதிப்பு 2005 ஜூன் 6 அன்றுதான் வந்தது. 3.0 வெளியாகி ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. நிறுவி முழுவதும் புதிதாக எழுதப்பட்டது. 11 கணினிக் கட்டமைப்புகளுக்கும் பொதிகள் தயாராக வேண்டியிருந்தது. 2004இல் திட்டத்தின் கொள்கை ஆவணமான சமூக ஒப்பந்தத்தின் சொற்கள் திருத்தப்பட்டபோது, ஆவணங்களும் வன்பொருள் நிரல்களும் கட்டற்றவையாக இருக்க வேண்டுமா என்ற விவாதம் மூண்டது. சார்ஜ் முடியும்வரை அத்திருத்தத்தைத் தள்ளிவைக்க மீண்டும் வாக்கெடுப்பு நடந்தது. இத்தனைக்கும் பிறகு வெளியான குறுந்தகடுகளில், பாதுகாப்புப் புதுப்பிப்புகளுக்கான முகவரி வரி பிழையாக இருந்தது. திருத்திய தகடுகள் உடனே வெளியிடப்பட்டன. இதற்குள் டெபியனை அடிப்படையாகக் கொண்ட உபுண்டு, 2004 அக்டோபர் முதல் ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பை வெளியிடத் தொடங்கியிருந்தது.

ஊதியச் சர்ச்சை

4.0 'எட்ச்' பதிப்புக்கு 2006 டிசம்பர் இலக்காக வைக்கப்பட்டது. வெளியீட்டு மேலாளர்கள் இருவர் முழுநேரம் உழைக்க, நன்கொடை திரட்டி ஊதியம் வழங்கும் 'டங்க்-டேங்க்' முயற்சி தொடங்கியது. ஊதியமின்றி உழைத்தவர்களில் சிலர் இதை எதிர்த்துத் தம் பங்களிப்பைக் குறைத்துக்கொண்டனர். எட்ச் 2007 ஏப்ரலில்தான் வெளியானது.

உறைநிலைக்கு நாள்

இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை டிசம்பரில் உறைநிலை தொடங்கும் என்று 2009 ஜூலையில் அறிவிக்கப்பட்டது. முதல் உறைநிலைக்குச் சில மாதங்களே இருந்ததால் எதிர்ப்பு எழுந்தது. அந்த நாள் கைவிடப்பட்டு, 2010 ஆகஸ்டில்தான் உறைநிலை வந்தது. ஆனால் உறைநிலைக்கு முன்கூட்டியே நாள் குறிக்கும் வழக்கம் பின்னர் நிலைபெற்றது. இப்போது உறைநிலை படிப்படியாக இறுகுகிறது: முதலில் பெரிய நூலக மாற்றங்கள் நிற்கும், அடுத்துப் புதிய பொதிகள் ஏற்கப்படா, இறுதியில் எந்த மாற்றத்துக்கும் வெளியீட்டுக் குழுவின் அனுமதி தேவை. கடுமையான வழு திருத்தப்படாத பொதி, இன்றியமையாததாக இல்லாவிட்டால், டெஸ்டிங்கிலிருந்து நீக்கப்படும். பராமரிப்பாளரின் தாமதம் வெளியீட்டை நிறுத்திவைப்பது இதனால் குறைந்தது.

வெளியீட்டு நாள் மட்டும் இன்றும் கடைசி வாரங்களில்தான் உறுதியாகிறது. ஆயினும் 2011 முதல் எந்தப் பதிப்புக்கும் இரண்டேகால் ஆண்டுக்கு மேல் ஆகவில்லை. 13ஆம் பதிப்பான 'டிரிக்ஸி' 2025 ஆகஸ்ட் 9 அன்று வெளியானது.