தரவுப் பதிவி (டேட்டா லாகர்)

மின்குறிப்பைக் குறித்த இடைவெளியில் அளந்து, அளந்த நேரத்தோடு சேர்த்துச் சேமித்து வைக்கும் கருவி தரவுப் பதிவி. வெப்பம், ஒளி, அழுத்தம், எடை எதுவானாலும் உணரியின் வழியே மின்னழுத்தமாக மாறிய பிறகே இது பதியும். ஆகவே எதை அளப்பதாகச் சொன்னாலும், இது உண்மையில் அளப்பது வோல்ட்டைத்தான்.

தானாகப் பதியும் எண்ணம் பழையது. கார்ல் லுட்விக் 1847-இல் புகை படிந்த உருளையில் இரத்த அழுத்தத்தைக் கோடாக வரைய வைத்தார். வில்லியம் தாம்சன் 1867-இல் கடலடித் தந்திக் குறிப்புகளை மையால் தாளில் இறக்கினார். கல்கத்தா பிரசிடென்சி கல்லூரிப் பேராசிரியர் ஜகதீஷ் சந்திர போஸ், செடியும் உலோகமும் தூண்டலுக்குக் காட்டும் மின் எதிர்வினைகளைக் கால்வனோமீட்டரின் ஒளிப்புள்ளி அசைவாகப் பதிந்து, 1902-இல் நூலாக்கினார். தாள் உருளையில் பேனா ஓடும் பதிவிகள் அதன் பின் நெடுங்காலம் ஆய்வகங்களை ஆண்டன.

இன்றைய பதிவியின் உயிர், தொடர்ச்சியான மின்னழுத்தத்தை எண்ணாக்கும் சில்லு. 12 பிட் சில்லு தன் வீச்சை 4096 படிகளாகப் பிரிக்கும். வீச்சு −16 முதல் +16 வோல்ட் வரை என்றால் ஒரு படி ஏறத்தாழ 7.8 மில்லிவோல்ட். கே வகை வெப்ப இரட்டையோ ஒரு பாகை செல்சியசுக்கு 0.041 மில்லிவோல்ட் மட்டுமே தரும். சுமார் 190 பாகை ஏறினால்தான் பதிவியில் ஒரு படி அசையும். பெருக்கி இல்லாமல் இணைத்துவிட்டு, கோடு நேராக வருகிறது, வெப்பம் மாறவில்லை என்று எழுதுவது ஆய்வகத்தில் எளிதில் நேரும் பிழை.

வேகத்திலும் ஒரு பொறி உண்டு. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தை நொடிக்குச் சரியாக 50 முறை அளந்தால் அலையே தெரியாது, நேர்கோடு வரும். 51 முறை அளந்தால் நொடிக்கு ஒரு முறை அசையும் போலி அலை தோன்றும். குறிப்பில் உள்ள மிக உயர்ந்த அதிர்வெண்ணைப் போல் இரு மடங்குக்கு மேல் மாதிரி எடுத்தே ஆகவேண்டும்.

இந்தியக் கல்லூரிகளுக்கு இந்தக் கருவியை மலிவாக்கியதில் புதுதில்லியின் பல்கலைக்கழகங்களுக்கு இடையேயான முடுக்கி மையத்துக்குப் பெரும் பங்கு உண்டு. அங்கே பி. பி. அஜித்குமார் தொடங்கிய ஃபீனிக்ஸ் திட்டத்திலிருந்து எக்ஸ்பைஸ் கருவி பிறந்தது. வன்பொருள் வரைபடமும் பைத்தானில் எழுதிய மென்பொருளும் திறந்தவை. கணினியின் யுஎஸ்பி துளையில் செருகினால் போதும். எக்ஸ்பைஸ்-17 நொடிக்குப் பத்து லட்சம் மாதிரிகள் வரை எடுக்கும். கம்பிச்சுருள் வழியே காந்தத்தை விழவிட்டால் எழும் மின்னழுத்தம் மில்லிநொடிகளில் மறைந்துவிடும். மல்டிமீட்டர் பிடிக்க முடியாத அந்தத் துடிப்பின் இரு எதிரெதிர் முகடுகளையும், காந்தம் வேகம் கூடுவதால் இரண்டாவது முகடு உயர்ந்திருப்பதையும் இது திரையில் காட்டுகிறது.

விழுப்புரம் மாவட்டத்து மரக்காணம் கடற்கரை உப்பளங்களில் கால அளவு இதற்கு நேர் எதிரானது. வடகிழக்குப் பருவமழை முடிந்து வெயில் ஏறியபின் பாத்திகளில் உப்புநீர் நாள் கணக்கில் மெல்லக் கெட்டிப்படும். அந்த அடர்த்தியைப் பாமே டிகிரியில் பார்ப்பார்கள்: ஏறத்தாழ 25-இல் உப்புப் படியத் தொடங்கும், 29-ஐ நெருங்கினால் மீந்த கசப்பு நீரை வெளியேற்றிவிட வேண்டும். இந்த நீரின் மாதிரியை ஆய்வகத்தில் வைத்துப் பதிவியால் பின்தொடர, மின்கடத்துதிறன் உணரிதான் முதலில் நினைவுக்கு வரும். கடல்நீருக்கு 25 பாகை செல்சியசில் சென்டிமீட்டருக்குச் சுமார் 53 மில்லிசீமன்ஸ், தெவிட்டிய சோடியம் குளோரைடு கரைசலுக்கு ஏறத்தாழ 250. நேர்மின்னோட்டம் செலுத்தினால் மின்முனையில் குளோரின் வாயு எழுந்து அளவு கெடும், மாறுமின்னோட்டமே ஏற்றது. வெப்பம் ஒரு பாகை ஏறினாலே அளவு சுமார் 2 விழுக்காடு கூடும் என்பதால் பக்கத்திலேயே வெப்ப உணரியும் வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் இந்த வழி உப்பளத்துக்குத் தேவையான இடத்தில்தான் தளர்கிறது. செறிவு கூடக்கூடக் கடத்துதிறன் ஏறும் வேகம் குறைந்துகொண்டே போகும். மக்னீசிய உப்புகள் மிகுந்தால் இறங்கவும் செய்யும். ஒரே எண் இரு வேறு செறிவுகளைக் குறிக்கலாம். பாமே டிகிரியைக் காட்டும், நீரில் மிதக்கும் கண்ணாடிக் குழலுக்கு இந்தக் குழப்பம் இல்லை, ஏனெனில் அது அடர்த்தியைப் பார்க்கிறது.

அடர்த்தியையே பதிய விரும்பினால் எடை உணரி உண்டு. 100 மில்லிலிட்டர் கனஅளவுள்ள கனத்த குண்டை நூலில் கட்டி உப்புநீரில் தொங்கவிட்டால், 25 பாமே டிகிரி நீர் ஏறத்தாழ 121 கிராம் மேலுந்தும். 29 டிகிரியில் 125. எடை உணரி தரும் மின்னழுத்தம் மில்லிவோல்ட் கணக்கில்தான் இருக்கும் என்பதால் எச்எக்ஸ்711 போன்ற 24 பிட் சில்லு தேவை. நொடிக்குப் பத்து அளவு எடுக்கும் அதன் குறைந்த வேகமே இங்கு மிகை, பத்து நிமிடத்துக்கு ஒன்று போதும். ஆனால் நீர் வற்றும்போது குண்டிலும் நூலிலும் உப்பே படிந்து எடையைக் கூட்டும். அதைப் பதிவி அடர்த்தி குறைந்ததாகவே எழுதும்; ஆகவே ஒவ்வொரு நாளும் குண்டைக் கழுவித் துடைத்து, கழுவிய நேரத்தையும் பதிவில் குறிக்க வேண்டும்.