திமிங்கலம் பார்க்க அலாஸ்கா போறீங்களா? கப்பல் சின்னதா இருக்கட்டும்!

கப்பல் டூர்னு சொன்னதும் நீச்சல் குளம், தியேட்டர், ஆயிரக்கணக்கான பயணிகள்னு ஒரு மிதக்கும் மால்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனா, உங்க லிஸ்ட்டில் திமிங்கலமும் சீலும் இருந்தா, நூறு பேருக்கும் குறைவாக ஏறும் சின்னக் கப்பல்தான் சரி. அமெரிக்காவின் அலாஸ்கா கரையோரமாகச் செல்லும் 'இன்சைடு பாசேஜ்' கடல்வழி இதற்குப் பெயர்போனது. தீவுகளுக்கு நடுவே போவதால் அலை பெரும்பாலும் குறைவு. சீசன், மே முதல் செப்டம்பர் வரை.

பெரிய கப்பலில் எது மிஸ் ஆகும்?

இந்த வழியின் ஹைலைட், கிளேசியர் பே தேசியப் பூங்கா. பெரிய கப்பல்களுக்கு ஒரு நாளைக்கு இரண்டு மட்டுமே அனுமதி. அதில் வருபவர்கள் இங்கே கரை இறங்க முடியாது. டெக்கில் நின்று பார்ப்பதோடு சரி. சின்னக் கப்பல் பார்ட்லெட் கோவ் துறையில் நிற்கும். இறங்கிக் காட்டுக்குள் நடக்கலாம். சவுத் மார்பிள் தீவுப் பக்கம் போனால், கடல் சிங்கங்களின் உறுமலே கேட்கும்!

திமிங்கலத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஹம்ப்பேக் திமிங்கலங்கள் குளிர்காலத்தில் ஹவாய் பக்கம் குட்டி போட்டுவிட்டு, கோடையில் இரை தேடி இங்கே வருகின்றன. முதலில் போனைக் கீழே வெச்சுட்டு முழுக் கடலையும் பாருங்க. புகை மாதிரி மேலே எழும் மூச்சுதான் அடையாளம். வால் மேலே வந்தால், ஆழமாக மூழ்கப்போகிறது என்று அர்த்தம். அப்போ க்ளிக் பண்ணுங்க. வாலின் அடிப்பக்க வடிவம் நம்ம கைரேகை மாதிரி. ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு. 'ஹேப்பிவேல்' தளத்தில் அந்தப் படத்தை ஏற்றினால், ஆய்வாளர்களுக்கும் உதவும்.

'இன்னும் கிட்ட போங்க'ன்னு கேட்காதீங்க

அலாஸ்கா கடலில் ஹம்ப்பேக்குக்கு 100 கெஜம், அதாவது சுமார் 91 மீட்டருக்குள் படகு நெருங்கக் கூடாது. பூங்காவுக்குள் இன்னும் கறார்: கால் கடல் மைல், சுமார் 460 மீட்டர். அவை இங்கே வருவதே சாப்பிடத்தான். இன்ஜின் சத்தம் அதைக் கெடுத்துவிடும். அதனால போன் ஜூமை நம்பாம, ஒரு பைனாகுலர் எடுத்துக்கோங்க.

கரையில் ஒரு வீடு

பார்ட்லெட் கோவில் நீங்க நடக்கும் இடம், சுமார் 250 வருஷத்துக்கு முன்பு பனிக்கு அடியில் இருந்தது. முன்னேறி வந்த அந்தப் பனியாறு, இங்கே வாழ்ந்த ஹூனா டிலிங்கிட் பழங்குடியினரை ஊரை விட்டே வெளியேற்றியது. பிறகு பனி பின்வாங்கியது. 1879-ல் ஜான் மியூர் வந்தபோது, 60 கிலோமீட்டருக்கு மேல் உள்ளே போயிருந்தது. ஆனாலும், அந்த மக்களுக்கான வீடு இங்கே மறுபடி திறந்தது 2016-ல்தான். செதுக்கிய மரச்சுவர்களோடு நிற்கும் அந்த ஹூனா குலவீட்டைப் பார்க்காம கப்பல் ஏறிடாதீங்க.

பையில் இருக்க வேண்டியவை

மழைக்கோட்டு, ரப்பர் பூட்ஸ் (சில இடங்களில் தண்ணீருக்குள்தான் இறங்கணும்), அடுக்கடுக்காகப் போட கம்பளி உடைகள், போனுக்கு வாட்டர்ப்ரூஃப் கவர். வழியில் பல இடங்களில் சிக்னல் கிடைக்காது. வீட்டில் முன்கூட்டியே சொல்லிட்டுக் கிளம்புங்க!